சர்வரா, டெஸ்க்டாப்பா என்று நாம் அடித்துக்கொண்டது

இன்று காலை கடை திறந்த கொஞ்ச நேரத்தில், பழுது பார்க்க வந்திருந்த ஒரு பழைய கணினியின் பவர் சப்ளை மேஜைமேலேயே வெடித்தது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. கடுகு பொரிந்த மாதிரி ஒரு சத்தம், அப்புறம் அந்த வாடை. அழுகிய மீனும் கருகிய ரப்பரும் சேர்ந்தது போல இருக்குமே, அது. நான் ஸ்விட்சை அணைத்துவிட்டுச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றேன். எட்டு வருஷமாக இப்படித்தான். அந்த வாடை மூக்கில் ஏறினால், எவனோ ஏணியில் ஏறி வருகிறான் என்று உடம்பு நினைத்துக்கொள்கிறது.

அப்போது கடையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நவி மும்பையில், நெருளில் டியூஷன் வகுப்பு நடத்துகிறார். வகுப்புக்கென்று ஒரு வெப்சைட் வைத்திருக்கிறார். அதைச் சொந்தக் கணினியிலேயே ஓட்ட வேண்டுமாம். விலை கூடின சர்வர் வாங்குவதா, சாதாரண டெஸ்க்டாப் போதுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். வழக்கமாகச் சொல்லும் பதில் இன்று வரவில்லை. நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். இந்தக் கேள்விக்காக உன் மண்டையில் கீபோர்டால் அடித்தவன் நான். அவருக்கு என்ன பதில் சொல்ல? அதனால் உனக்கு எழுதுகிறேன்.

தாதரில் அந்தக் கம்ப்யூட்டர் வகுப்பில்தான் உன்னை முதலில் பார்த்தேன். நான் மாட்டுங்கா மளிகைக்கடைக்காரர் மகன். இஸ்திரி போட்ட சட்டையும் டிபன் டப்பாவுமாக வருவேன். நீ தாராவியிலிருந்து நடந்தே வருவாய். உன் கைகளில் தோலுக்குப் போடும் சாயம் எப்போதும் கொஞ்சம் ஒட்டியிருக்கும். உன் ஐயாவும் என் அப்பாவும் ஒரே தாலுகாக்காரர்கள் என்று தெரிய ஆறு மாதம் ஆனது. அதற்குள் நாம் இரண்டு தடவை அடித்துக்கொண்டுவிட்டோம். ஒரு தடவை தாதர் ரயில் பாலத்தின்மேல், எதற்கென்றே மறந்துபோன ஒரு விஷயத்துக்கு. நீ குத்தியதில் என் உதடு கிழிந்தது. அடுத்த நிமிஷம் நீயே என்னை இழுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் வாயைக் கழுவிவிட்டாய். நம் சிநேகம் அப்படித்தான் இருந்தது. பேச்சில் முடிய வேண்டியது எதுவும் நமக்குள் பேச்சில் முடிந்ததில்லை.

வகுப்பு முடித்து ஐந்தாறு வருஷம் கம்பெனிகளில் குப்பை கொட்டிவிட்டு, தாராவியில் ஒரு பை தைக்கும் பட்டறைக்கு மேலே ஓர் அறை பிடித்தோம். செங்குத்தான இரும்பு ஏணி ஏறித்தான் போக வேண்டும். கீழே பதினைந்து தையல் மிஷின்கள், மேலே நம்முடைய ஆறு டெஸ்க்டாப் பெட்டிகள். தோல்பைக் கடைகள், மாட்டுங்காப் பட்டுக்கடைகள், செம்பூரில் இரண்டு பள்ளிக்கூடங்கள் என்று முப்பது நாற்பது பேருடைய வெப்சைட்டுகளை அந்தப் பெட்டிகளில் வைத்து ராவும் பகலும் அணையாமல் ஓட்டுவதுதான் நம் தொழில்.

பெட்டிகள் எல்லாம் நீயே பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்தவை. நான் முதல் நாளிலிருந்தே சர்வர்க் கட்சி. சர்வருக்கென்று செய்த இயந்திரத்தில் பவர் சப்ளை இரண்டு இருக்கும், ஒன்று போனால் மற்றது இழுக்கும். ஹார்ட் டிஸ்க் இரண்டும் ஒன்றையொன்று பார்த்து எழுதிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் ராம் என்கிற நினைவுச் சில்லு தன் தப்பைத் தானே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளும். நான் இதைச் சொல்லும்போதெல்லாம் நீ சிரிப்பாய். "பொட்டி செத்தா ஒரு மணி நேரத்துல பார்ட்டு கிடைக்கும். ஒன் ராசா செத்தா பாடை கட்டக்கூட பம்பாயில ஆளு கிடையாதுலே" என்பாய். ஒரு சர்வர் விலைக்கு நாலு டெஸ்க்டாப். நாலையும் நாலு இடத்தில் வை. அதுதான் பாதுகாப்பு என்பது உன் கணக்கு.

அந்தச் சண்டை நமக்குள்ளேயே இருந்திருந்தால் நீ இன்றைக்கு இருந்திருப்பாய்.

உங்கள் தெருவை இடித்துக் கட்டடம் கட்டித் தருகிறேன் என்று ஒரு பில்டர் வந்தான். வீடு கிடைக்கும் ஆட்களின் பட்டியல் வெளிவந்தபோது, இருபது முப்பது வருஷமாகக் குடியிருந்தவர்களின் பேர்கள் அதில் இல்லை. எங்கோ வசாயில் இருப்பவர்களின் பேர்கள் இருந்தன. தெருக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். நீ ஒரு ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனாய். ரேஷன் கார்டு, பழைய லைட் பில், வாக்காளர் பட்டியலின் கிழிந்த தாள் என்று யார் யாரிடம் என்னென்ன இருந்ததோ அத்தனையையும் படமெடுத்து ஒரு வெப்சைட்டில் போட்டாய். யார் வேண்டுமானாலும் தன் பேரைத் தட்டித் தன் காகிதத்தைப் பார்த்துக்கொள்ளலாம். காசு வாங்காமல் செய்தோம். நான் முனகினேன், நீ காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இரண்டு மாதம் கழித்துத் தெருவின் மேற்குப் பக்கம் தீப்பிடித்தது. எப்படிப் பிடித்தது என்று இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை. நாற்பது வீட்டுக்கு மேல் போய்விட்டது. ஆட்கள் தப்பித்தார்கள், தகரப் பெட்டிகளில் இருந்த காகிதங்கள் தப்பவில்லை. அன்றிலிருந்து அந்த நாற்பது குடும்பத்துக்கும் நம் அறையில் ஓடிக்கொண்டிருந்த படங்கள்தான் சாட்சி.

அந்தப் படங்களில்தான் பேச்சியம்மாளின் படம் பாதி சாம்பல் நிறமாகத் திறந்தது.

பேச்சியம்மாள் நம் அறைக்குக் கீழே பைகளுக்கு உள்துணி தைத்துக்கொண்டிருந்தவள். ஐம்பது வயது இருக்கும். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. அவளிடம் இருந்தது ஒரே ஒரு காகிதம், ஒரு பழைய அடையாள அட்டை. அதுவும் தீயில் போனது. சங்கத்தில் பிரிண்ட் எடுத்துத் தரச் சொன்னார்கள். நான் திறந்தேன். மேலே அவள் நெற்றியும் கண்ணும் தெரிந்தன. கீழே பேரும் விலாசமும் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சாம்பல் பட்டை. தேடிப் பார்த்ததில் இன்னும் பத்துப் படங்கள் அப்படி இருந்தன. மற்றவர்களிடம் அசல் இருந்தது, மறுபடி எடுத்துக்கொண்டோம். அவளிடம் இல்லை.

உன் பெட்டி ஒன்றில் ராம் கெட்டிருந்தது. கெட்டதும் நின்றுபோயிருந்தால் நமக்குத் தெரிந்திருக்கும். அது நிற்காமல் ஓடி, தன் வழியாகப் போன படங்களை அங்கங்கே கெடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் எந்த நாளைச் சொல்லிச் சொல்லிப் பயமுறுத்தினேனோ, அந்த நாள்.

நான் உன்னை அறைந்தேன். நீ கையைத் தடுத்தாய். நான் மேஜையிலிருந்த கீபோர்டைப் பிடுங்கி உன் தலையில் அடித்தேன். எழுத்துப் பொத்தான்கள் அறை முழுக்கச் சிதறின. உன் புருவத்துக்கு மேலே பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. நீ என் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு நெருக்கினாய். எனக்கு மூச்சு நின்றது. கால் தரையைத் தேடியது. அவ்வளவு பலம் உனக்கு உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பிறகு நீயே விட்டாய். துடைக்காமல் அந்த ரத்தத்தோடே கேட்டாய்:

"எல்லாப் பொட்டியையும் ரெண்டு நாளு நிறுத்தி ராம் டெஸ்ட் ஓட்டணும்னு போன மாசமே சொன்னேன்லா? நீதான வேண்டாம்னே?"

சொன்னாய். நான்தான் வேண்டாம் என்றேன். பட்டுக்கடைக்காரருக்குத் தீபாவளி விற்பனை நேரம், இரண்டு நாள் நிறுத்தினால் ஓடிவிடுவார் என்றேன். அது எனக்கு நினைவிருந்தது. ஆனால் மறுநாள் சங்கத்துக் கூட்டத்தில் எழுந்து நின்று, இவனுடைய மலிவுப் பெட்டிகளால் வந்த வினை என்றுதான் சொன்னேன். நெற்றியில் தையலோடு நீ கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாய். மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. கூட்டம் முடிந்ததும் நேராகப் பேச்சியம்மாளிடம் போய் நின்றாய். அவள் உன்னை ஏறிட்டுப் பார்க்காமல் நடந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நான் சொன்னதுதான் சட்டம். வாஷியில் மூடிக்கொண்டிருந்த ஓர் அலுவலகத்திலிருந்து பழைய சர்வர் ஒன்றை வாங்கினோம். நான்கு பேர் சேர்ந்து கயிறு கட்டி ஏணியில் ஏற்றினார்கள். அதைப் போட்டதும் அறை ஆலை மாதிரி இரைந்தது. நீ காதில் பஞ்சு வைத்துக்கொண்டு அதற்கு ராசா என்றே பேர் வைத்தாய். உன் ஆறு பெட்டிகளையும் விற்றுவிடச் சொன்னேன். ஐந்தை விற்றுப் பணம் கொண்டுவந்தாய். ஆறாவதில் மதர்போர்டு போய்விட்டது, பழைய சாமான்காரனிடம் போட்டுவிட்டேன் என்றாய். நான் கேட்டுக்கொண்டேன்.

இன்னொரு பிரதி வெளியே வேண்டும் என்று நீ ஒரே ஒரு தடவை சொன்னாய். இரண்டு டிஸ்கும் ஒன்றையொன்று அப்படியே எழுதிக்கொள்கின்றனவே, அது போதாதா என்று எரிந்து விழுந்தேன்.

"கண்ணாடியில தெரியுறவன் ரெண்டாவது ஆளாலே?" என்றாய். அதற்கும் கோபப்பட்டேன். அதோடு விட்டுவிட்டாய்.

முத்து முதலில் டீ குடிக்கத்தான் வந்தான். நம்மோடு தாராவி மைதானத்தில் கபடி ஆடியவன். பிறகு பில்டரிடம் சேர்ந்து, நாலு பேரைக் கூடவே கூட்டிக்கொண்டு திரிந்தான். ஏணிப்படியில் உட்கார்ந்து, காலி பீலி லஃப்டா எதற்கு, வீண் வம்புதானே, அந்தப் படங்களை எடுத்துவிடுங்கள், உங்கள் இரண்டு பேருக்கும் புதுக் கட்டடத்தில் ஆளுக்கொரு கடை என்று சிரித்துக்கொண்டே சொன்னான். நீயும் சிரித்துக்கொண்டே முடியாது என்றாய். அவன் போனதும், இவன் திரும்ப வருவான் என்றாய். நான் நம்பவில்லை. கூட ஆடினவன் என்றேன்.

அடுத்த வாரம் சங்கத்துச் செயலாளர் அந்தப் படங்களைப் போட்டு வைத்திருந்த பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டார்கள். எப்படிப் பிடுங்கினார்கள் என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது; ஒரு கண் முழுக்க மூடிக் கன்னம் கறுத்திருந்தது. அன்று சாயங்காலமே குடும்பத்தோடு ஊருக்கு ரயில் ஏறிவிட்டார். பட்டியலை எதிர்த்துச் சங்கம் போட்டிருந்த மேல்முறையீட்டின் விசாரணைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

மூன்றாம் நாள் வந்தார்கள். மத்தியானம் மூன்று மணி, கடும் வெயில். அவர்கள் வந்தது எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், கீழே தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பதினைந்து மிஷினும் நின்றபின், ஏணியில் செருப்புச் சத்தம் கேட்டது.

நாலு பேர். இரண்டு பேர் கையில் இரும்புத் தடி. முத்து வெறுங்கையோடு வந்தான். முதலில் மானிட்டர் போனது, பிறகு இணைப்புப் பெட்டி, பிறகு நம் டீ கிளாஸ்கள். ஒருவன் சர்வர் பக்கம் தடியை ஓங்கியபோது நீ பாய்ந்து அதன்மேல் விழுந்தாய். இரண்டு கையாலும் அதைக் கட்டிக்கொண்டாய். "இத மட்டும் விட்ருங்க, இதுல எல்லாருக்க பொழப்பும் இருக்கு" என்று கத்தினாய்.

நீயா என்று எனக்குத் திகைப்பாக இருந்தது. ஒரு நாள்கூட அந்த இயந்திரத்தின்மேல் உனக்கு ஆசை இருந்ததில்லை. அந்தக் கலவரத்திலும் என் மூளையின் ஒரு மூலை, கடைசியில் இவன் என் பக்கம் வந்துவிட்டான் என்று நினைத்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

உன் முதுகில் அடித்தார்கள். தடி முதுகில் விழும் சத்தமும் இரும்பில் விழும் சத்தமும் வேறு வேறு. கண்ணை மூடியிருந்தாலும் எது எது என்று தெரிந்தது. உன் பிடி தளர்ந்ததும் உன்னைக் காலைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சர்வரின் மூடியை நெம்பி உள்ளே அடித்தார்கள். இரண்டு பவர் சப்ளையும் வெடித்தன. அப்போது வந்த வாடைதான் இன்று காலையில் வந்தது. ஹார்ட் டிஸ்க்குகளை உருவி எடுத்துத் தரையில் வைத்து, அவை வளையும்வரை அடித்தான் ஒருவன்.

பிறகு முத்து என்னிடம் வந்தான். என் இடது கையை மேஜைமேல் விரித்து வைக்கச் சொல்லி ஒருவன் மணிக்கட்டை அழுத்திக்கொண்டான்.

"வேற எங்கலே வச்சிருக்கிய?"

வேறே எங்கும் இல்லை என்றேன். தடி இறங்கியது. சுண்டுவிரல். வலி வருவதற்கு முன்னால் விரல் இருந்த கோணத்தைப் பார்த்தேன், அதுவே போதுமாக இருந்தது. பேன்ட்டிலேயே மூத்திரம் போய்விட்டது. திரும்பக் கேட்டான். "இல்லண்ணே, சத்தியமா இல்லண்ணே, இது ஒண்ணுதான்" என்று அலறினேன். என் வயதுக்காரனை, கபடியில் என்னிடம் தோற்றவனை, அண்ணே என்றேன். மோதிர விரலும் போனது. அதற்குப் பிறகும் அதையேதான் அலறினேன். முத்து என் முகத்தைத் தாடையைப் பிடித்துத் திருப்பி, கொஞ்ச நேரம் பார்த்தான்.

"விடு. இவன் நெசமாத்தான் சொல்லுதான்" என்றான்.

நீ தரையில் கிடந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். ஒரு கண்தான் திறந்திருந்தது. காப்பாற்று என்று கேட்கிறாய் என்று நினைத்தேன்.

ஏணியில் மறுபடி சத்தம். ஏறி வந்தவள் பேச்சியம்மாள். கையில் தோல் வெட்டுகிற கத்தி. கீழே இருந்த அத்தனை ஆண்களும் சந்துக்குள் மறைந்துவிட்டார்கள். நம்மால் தன் ஒரே சாட்சியை இழந்த அவள்தான் மேலே வந்தாள். தலை தரைமட்டத்துக்கு மேலே தெரிந்ததுமே, எட்டின ஒருவன் கெண்டைக்காலில் கத்தியால் ஒரு இழுப்பு இழுத்தாள். அவன் ஊளையிட்டுக்கொண்டு உட்கார்ந்தான். இன்னொருவன் அவளைத் தோளில் உதைத்தான். அவள் ஏணியிலிருந்து உருண்டு கீழே விழுந்தாள். விழுந்த இடத்திலிருந்தே, கொல்லுதானுவ கொல்லுதானுவ என்று அவள் போட்ட கூச்சலில் தெரு கூடிவிட்டது.

அவர்கள் இறங்கி ஓடினார்கள். முத்து கடைசியாகப் போனான். போகிற போக்கில் கீழே கிடந்த தடியை எடுத்து உன் தலையில் ஒரு தடவை அடித்தான். வந்த வேலை முடிந்துவிட்டது. அந்த அடிக்கு ஒரு தேவையும் இல்லை. டாக்டர்கள் பிறகு சொன்னார்கள், முதுகில் விழுந்ததெல்லாம் ஆறியிருக்கும், அந்த ஒரு அடிதான் என்று.

ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாய். கண் திறக்கவில்லை. வராந்தாவில் நானும், தோளில் கட்டோடு பேச்சியம்மாளும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். இரண்டாம் நாள் நான் அவளிடம், நீங்கள் ஏன் மேலே வந்தீர்கள் என்று கேட்டேன்.

"எம் பேரு போனது அவனாலன்னு ஊரு கூட்டிச் சொன்ன. அவன் தெனமும் மிஷினுக்குப் பக்கத்துல வந்து நின்னு மன்னிச்சுக்கோங்கம்பான். ரெண்டு நாளு நிறுத்த வேண்டாம்னு சொன்னது நீதான்னு அவன் எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல. கீழ எங்களுக்குக் காது கேக்காதாலே? அன்னைக்கு நீங்க சண்ட போட்டது பூராவும் கேட்டுச்சு."

சொல்லிவிட்டுத் தோள்கட்டை இறுக்கிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் உன் தங்கை செல்வி என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். அவள் புருஷன் துபாயில். செம்பூரில் இரண்டு பிள்ளைகளோடு இருந்தாள். அழுது அழுது குரல் போயிருந்தது. "அண்ணன் எங்க வீட்டுக் கட்டிலுக்கு அடியில ஒரு பொட்டி வச்சிருக்கான். என்னைக்கும் அணைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கான். நேத்துலேருந்து அதுல சத்தம் ஒரு மாதிரி வருது. வந்து பாருங்கண்ணே" என்றாள்.

போனேன். கட்டிலுக்கு அடியில், பிள்ளைகளின் செருப்புகளுக்கும் ஒரு அரிசி டின்னுக்கும் நடுவே, பழைய சாமான்காரனிடம் போட்டுவிட்டேன் என்று நீ சொன்ன ஆறாவது பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. காற்றாடியில் ஒரு காகிதம் சிக்கியிருந்தது, அவ்வளவுதான். சர்வரில் இருக்கிற எல்லாவற்றையும் தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு அது தானாக எடுத்து வைத்துக்கொள்ளும்படி செய்திருந்தாய். நம் அறையை அடித்து நொறுக்கியதற்கு ஒரு மணி நேரம் முன்னால் கடைசியாக எடுத்திருந்தது. மூடியின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டி, ராம் டெஸ்ட் ஓட்டிய தேதிகளை உன் கோணல் எழுத்தில் வரிசையாக எழுதியிருந்தாய். வாரம் ஒரு தேதி.

அந்தத் தரையில் குப்புறப் படுத்தபடி, ஒற்றைக் கையால் பேச்சியம்மாளின் படத்தைத்தான் முதலில் திறந்தேன். அதிலும் பாதி சாம்பல்தான். பிரதி எடுக்கும் முன்பே கெட்டுப்போயிருந்தது. மற்ற எல்லாம் இருந்தன.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, நீ ஏன் அந்தச் சர்வரைக் கட்டிக்கொண்டு விழுந்தாய் என்று. அது உடைந்தாலும் பரவாயில்லை என்று தெரிந்தவன் நீ ஒருவன்தான். ஆனால் நீ சும்மா விலகி நின்றிருந்தால், வேறே எங்கோ வைத்திருக்கிறான் என்று முத்துவுக்குத் தோன்றியிருக்கும். செம்பூரில் தங்கை வீடு இருப்பது அவனுக்குத் தெரியும். செல்வியும் பிள்ளைகளும் அந்தக் கட்டிலில் தூங்குகிறார்கள். அதனால், அதுதான் உன் உயிர் என்று அவன் நம்பும்படி நீ கட்டிக்கொண்டாய்.

நீ போன நான்காம் நாள் விசாரணை. பெட்டியிலிருந்து எடுத்த காகிதங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு தெருவே போனது. பட்டியலில் பேர்கள் ஏறின. தீயில் எல்லாவற்றையும் இழந்தவர்களின் பேர்களும் ஏறின. பேச்சியம்மாளுக்காக அக்கம்பக்கத்தார் இருபது பேர் சாட்சி சொன்னார்கள். அதிகாரி பாதிப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிட்டார்; அவள் பேர் மட்டும் ஏறவில்லை. அவள் இப்போது நெருளில் தம்பி வீட்டில் இருக்கிறாள். உன் நினைவு நாளுக்குச் செல்வி வீட்டுக்கு வருகிறாள். நான் போட்டுக் கொடுக்கும் டீயைக் குடிப்பாள்; என்னோடு பேசுவதில்லை. நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன், இரண்டு வருஷம் கழித்து. கேட்டுக்கொண்டாள்.

முத்துவைப் பிடித்தார்கள், ஜாமீனில் வந்தான். வழக்கு இன்னும் நடக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை, வாஷி போகும் வண்டியில் அவனைப் பார்த்தேன். கதவோரம் ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்து நின்றான். மான்குர்த் ஸ்டேஷன் தாண்டிவிட்டது, இனிக் கடல்மேல் பாலம். எனக்கு முன்னால் அவன் முதுகு. ஒரு சாண் தூரம். நான் நெருங்கினேன். உன் தலையில் தடி விழுந்த சத்தம் காதில் இருந்தது. வலது கையை அவன் முதுகில் வைத்தேன். மெதுவாகத்தான் வைத்தேன், ஆனால் தள்ளுவதற்காகத்தான் வைத்தேன். உனக்கு எழுதும்போது பொய் எதற்கு?

அவன் திரும்பிப் பார்த்தான். கூட்டம் நெருக்குகிறது என்று நினைத்துக்கொண்டு, கொஞ்சம் ஒதுங்கி எனக்கு இடம் விட்டு, "அந்தர் ஆவ், கிர் ஜாயேகா" என்றான். உள்ளே வா, விழுந்துவிடுவாய் என்று. தாடி வளர்த்து, பாதி உடம்பாகிவிட்ட என்னை அவனுக்கு அடையாளமே தெரியவில்லை. என் விரல்களை உடைத்தவனுக்கு என் முகம் நினைவில்லை. வாஷியில் இறங்கி, எதிர்ப்பக்கம் வந்த வண்டியில் ஏறித் திரும்பிவிட்டேன். விட்டது நல்லதா என்று தெரியவில்லை. சில நாள் நல்லது என்று தோன்றும், சில நாள் கை அரிக்கும்.

எல்லாவற்றையும் விட என்னை அடித்துப் போட்டது செல்வி சொன்ன ஒரு வார்த்தை. போன வருஷம்தான் சொன்னாள். அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்த அன்றைக்கு அவள் உன்னிடம் கேட்டிருக்கிறாள்: உன் கூட்டாளிக்கு இது தெரியுமா, அவரிடம் சொல்லட்டுமா என்று. நீ சொன்னாயாம்:

"அவங்கிட்ட சொல்லாத. அவன் அடி தாங்க மாட்டான்."

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. உயிரோடு இருந்திருந்தால் அன்றைக்கும் உன்மேல் கை வைத்திருப்பேன். எனக்குத் தெரியாது என்பதையே பூட்டாகப் போட்டு, நான் அலறிய உண்மையைக் காவலுக்கு நிறுத்தியிருக்கிறாய். என் இரண்டு விரல்களை என்னைக் கேட்காமல் செலவழித்திருக்கிறாய். பிறகு ஒரு நாள் குளித்துக்கொண்டிருக்கும்போது, இடது கையில் சோப்பு வழுக்கி விழுந்தபோது, என்னை நானே கேட்டுக்கொண்டேன். தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன். இரண்டாவது விரல்வரைக்கும் போயிருக்காது. தடியை ஓங்கியதுமே செம்பூர், செல்வி, கட்டில், எல்லாம் சொல்லியிருப்பேன். நீ என்னை மட்டம் தட்டவில்லை. ஒரு பாகத்தைக் கையில் எடுத்ததும் அது எத்தனை கனம் தாங்கும் என்று சொல்வாயே, அப்படித்தான் என்னையும் எடை போட்டிருந்தாய். அது தெரிந்தும் அத்தனை வருஷம் என்னோடு தொழில் செய்தாய். தரையில் கிடந்து ஒற்றைக் கண்ணால் நீ பார்த்தது உதவி கேட்டல்ல. நான் சரியாகத்தான் அலறுகிறேனா என்று.

இப்போது மாட்டுங்காவில் தனியாகத்தான் கடை. சர்வரா, டெஸ்க்டாப்பா என்று யார் வந்து கேட்டாலும், கையில் இருக்கிற பணத்துக்கு நல்ல ராம் போடுங்கள், மற்றதெல்லாம் பிறகு என்கிறேன். இன்னொரு பிரதியை வேறு எங்காவது வையுங்கள் என்கிறேன். எங்கே வைக்கிறீர்கள் என்று எனக்கு மட்டும் சொல்லாதீர்கள் என்றும் சொல்கிறேன். வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று அவர்கள் சிரிக்கிறார்கள். நான் திருத்துவதில்லை.